தினமும் சாப்பிடும் சாப்பாட்டில் துத்தநாகம், செலினியம் போன்ற நுண் தாதுச் சத்துகள் எவ்வளவு உள்ளே போகின்றன என்று எப்படி அளக்கிறார்கள்?

சாப்பிட்டதை எழுதி வைத்து, உணவுச் சத்து அட்டவணையைப் பார்த்துக் கணக்குப் போடுவதுதான் எளிய வழி. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட அட்டவணையில் 528 உணவுகள் இருக்கின்றன. ஆனால் செலினியத்துக்கு இந்தக் கணக்கை அப்படியே நம்ப முடியாது. ஒரே கோதுமையில்கூட, விளைந்த மண்ணைப் பொறுத்து அளவு பல மடங்கு மாறும். மண்ணில் செலினியம் குறைவு என்பதால்தான் பின்லாந்து 1984இல் உரத்திலேயே அதைச் சேர்க்க முடிவெடுத்தது.

அதனால் நான் அதிகம் நம்புவது இரட்டைப் பங்கு முறையை. நீங்கள் ஒரு தட்டில் சாப்பிடும்போது, அதே அளவு சோறு, குழம்பு, காபி, தண்ணீர் எல்லாம் இன்னொரு பாத்திரத்தில் போக வேண்டும். அப்புறம் அதை அரைத்து, அமிலத்தில் கரைத்து, எந்தத் தாது எவ்வளவு என்று காட்டும் நிறமாலைக் கருவியில் அளப்பார்கள். இரும்புச் சட்டியில் வைத்த புளிக்குழம்பில் இறங்கிய இரும்பும் இதில் கணக்கில் வந்துவிடும். அட்டவணைக்கு அது தெரியாது.

சிக்கல் அரைப்பதில்தான். சாதாரண மிக்சி பிளேடு எவர்சில்வர். அதிலிருந்து குரோமியமும் நிக்கலும் மாதிரியில் கலந்துவிடும். டைட்டானியம் பிளேடும், அமிலத்தில் கழுவிய பிளாஸ்டிக் டப்பாவும் வேண்டும். நாம் தேடுவதில் செலினியம், குரோமியம் போன்றவை மைக்ரோகிராம் கணக்கில்தான் இருக்கும், அதாவது கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

அயோடினுக்கு மட்டும் சிறுநீர் போதும். உள்ளே போனதில் சுமார் 90 சதவீதம் அதில் வெளியேறிவிடும். ஆனால் ஒரு தடவை எடுத்த மாதிரியை வைத்துத் தனி ஆளுக்கு முடிவு சொல்லக்கூடாது. ஊர் முழுக்கப் பலரிடம் எடுத்து நடு அளவைப் பார்ப்பார்கள்.