இன்ஜின் கேள்வி பதில்: புகை, விளக்கு, சத்தம்

22 வருடமாக பெட்ரோல், டீசல் கார் இன்ஜின் வேலை மட்டும் பார்க்கிறேன். அது பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள். எத்தனை கிலோமீட்டர் ஓடிய வண்டி, சூடாக இருக்கும்போதா ஆறியிருக்கும்போதா என்பதையும் சேர்த்து எழுதினால் பதில் சரியாக வரும்.

கே: காலையில் ஸ்டார்ட் செய்ததும் சைலன்சரில் வெள்ளைப் புகை. ஹெட் கேஸ்கட் (இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு) போய்விட்டதா?

எவ்வளவு நேரம் வருகிறது என்று பாருங்கள். சில நிமிடத்தில் மறைந்து, சைலன்சர் முனையில் தண்ணீர் சொட்டினால் அது வெறும் நீராவி. பெட்ரோல் எரியும்போதே தண்ணீர் உண்டாகும். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகும் அடர்த்தியாக வந்து, லேசான இனிப்பு வாசனையும் அடித்தால், கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) சிலிண்டருக்குள் போகிறது. அப்படியென்றால் வண்டியை எடுக்காமல் மெக்கானிக்கை வரச் சொல்லுங்கள். வெறும் சந்தேகம்தான் என்றால், இன்ஜின் ஆறியிருக்கும்போது கூலன்ட் டப்பாவில் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். அளவு குறைகிறதா என்று ஒரு வாரம் தினமும் காலையில் பாருங்கள்.

ஒர்க்ஷாப்பில் நீலத் திரவம் ஊற்றிய ஒரு கண்ணாடிக் குழாயை ரேடியேட்டர் வாயில் வைத்துச் சோதிப்பார்கள். எரிந்த வாயு கூலன்டில் கலந்திருந்தால் நீலம் மஞ்சளாக மாறும். பத்து நிமிட வேலை. இதையோ, சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் சோதனையையோ செய்யாமல் ஹெட்டைக் கழற்றச் சம்மதிக்காதீர்கள்.

கே: வழியில் எண்ணெய்க் குவளை போட்ட சிவப்பு விளக்கு எரிந்தது. வீட்டுக்கு 12 கிலோமீட்டர்தான் என்று ஓட்டி வந்துவிட்டேன். இப்போது இன்ஜினில் டொக் டொக் என்று சத்தம்.

இனி ஒரு தடவைகூட ஸ்டார்ட் செய்யாதீர்கள். சத்தத்தை மெக்கானிக்குக் கேட்கவைக்கக்கூட வேண்டாம்.

அந்த விளக்கு ஆயிலின் அளவைச் சொல்வதில்லை, அழுத்தத்தைச் சொல்கிறது. கிராங்குக்கும் (பிஸ்டன்கள் சுற்றவைக்கும் தண்டு) அதைத் தாங்கும் பேரிங்குக்கும் நடுவே ஆயில் ஒரு மெல்லிய படலமாக நிற்கிறது. அழுத்தம் போனால் படலம் போகும், உலோகத்தோடு உலோகம் உரசும். 12 கிலோமீட்டர் அதற்கு மிக அதிகம்.

டோ செய்து ஒர்க்ஷாப்புக்கு அனுப்புங்கள். முதலில் டிப்ஸ்டிக்கில் அளவு பார்க்கச் சொல்லுங்கள். அடுத்து ஆயில் ஃபில்டரைக் கழற்றி, அறுத்து, உள்ளே இருக்கும் மடிப்புக் காகிதத்தை விரித்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள். மடிப்புகளுக்குள் மினுமினுவென்று உலோகத் தூள் இருந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது, சம்ப்பை (இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) இறக்கித்தான் ஆக வேண்டும்.

எல்லோருக்கும் சொல்கிறேன்: சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் பாதுகாப்பான ஓரத்தில் நிறுத்தி உடனே இன்ஜினை அணையுங்கள்.

கே: செக் இன்ஜின் விளக்கு எரிகிறது. ஓட்டலாமா?

மஞ்சளாக நிலையாக எரிந்து, வண்டி ஓட்டமும் சூட்டு முள்ளும் வழக்கம்போல இருந்தால், நிதானமாக ஒர்க்ஷாப் வரை ஓட்டலாம். விட்டுவிட்டு மின்னினால் மிஸ்ஸிங் (சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் விடுபடுவது) பலமாக இருக்கிறது. எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதைச் சுட்டுவிடும். ஓரம் கட்டுங்கள்.

ஸ்கேனரில் வரும் எரர் கோட் எந்தப் பொருளை மாற்றுவது என்று சொல்லாது, எங்கே தேடுவது என்றுதான் சொல்லும். பி0302 என்றால் இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஸிங். காரணம் பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலா, பிளக்கா, இன்ஜெக்டரா, கம்ப்ரஷனா? ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் காயில் இருக்கும் வண்டியில் இரண்டாவது காயிலை மூன்றாவதுக்கு மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். கோட் பி0303 என்று மாறினால் காயில்தான். மாறாவிட்டால் அடுத்து பிளக்கை மாற்றிப் பாருங்கள்.

ஸ்கேனரில் எரர் கோடை அழித்துவிட்டு வண்டியைக் கொண்டுவராதீர்கள். அதோடு சேர்ந்து பதிவாகியிருக்கும் வேகம், சூடு எல்லாம் போய்விடும். எங்களுக்கு அதுதான் துப்பு.

கே: ஏசியில் குளிர்ச்சி இல்லை.

ஏசி மெக்கானிக்கிடம் கேளுங்கள்.

கே: நெரிசலில் நின்றால் சூட்டு முள் ஏறியது. மெக்கானிக் தெர்மோஸ்டாட் வால்வை (இன்ஜின் சூடான பிறகுதான் கூலன்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) கழற்றிவிட்டார். இப்போது ஏறுவதே இல்லை. சரியாகிவிட்டதா?

இல்லை, நோய் உள்ளேயே இருக்கிறது. நின்றால் மட்டும் சூடேறுகிறது, ஓடினால் இறங்குகிறது என்றால் முதலில் ஃபேனைப் பார்க்க வேண்டும்: மோட்டார், ரிலே, ஃப்யூஸ், சென்சார். அப்புறம் ரேடியேட்டர் அடைப்பு. தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போட்டுவிட்டு இவற்றைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

(தொழிலில் இருக்கும் ஓர் உறுப்பினர்: நான் வருடக்கணக்காகக் கழற்றித்தான் கொடுக்கிறேன். வெயிலில் ஓடும் வண்டிக்கு அது எதற்கு? ஒரு வண்டியும் திரும்பி வந்ததில்லை.)

அண்ணே, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். இதில் மட்டும் ஒத்துப்போக முடியாது.

வெயில் வெளியே 40 டிகிரி இருக்கலாம். இன்ஜினுக்கு வேண்டியது 90 டிகிரி அளவில் கூலன்ட். அதற்குக் கீழேயே நின்றால், இன்ஜின் இன்னும் ஆறிக் கிடக்கிறது என்று நினைத்து கம்ப்யூட்டர் கூடுதலாகப் பெட்ரோல் விடும். மைலேஜ் குறையும். கூடுதல் பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவும். பல வண்டிகளில் பி0128 என்று எரர் கோடே விழும்.

(அதே உறுப்பினர்: பழைய வண்டிகளுக்குக் கம்ப்யூட்டரே கிடையாதே. தெர்மோஸ்டாட் மூடிய நிலையில் சிக்கினால் இன்ஜினே போய்விடும்.)

சிக்கும், உண்மைதான். சிக்கினால் புதிது போடுவோம். பழைய வண்டியிலும் சில இன்ஜின்களில் அந்த வால்வின் அடித்தட்டுதான் பைபாஸ் வழியை மூடுகிறது. கழற்றினால் பைபாஸ் திறந்தே கிடக்கும், கூலன்டில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாது. சூட்டைக் குறைக்கக் கழற்றியதே சூட்டை ஏற்றும்.

என்னிடம் வந்த ஒரு காரைச் சொல்கிறேன். ஆயில் மூடிக்கு அடியில் வெளிறிய பசை. வேறொரு இடத்தில் ஹெட் கேஸ்கட் என்று சொல்லிவிட்டார்கள். நீலத் திரவம் மாறவில்லை, கூலன்ட் குறையவில்லை, கம்ப்ரஷன் நான்கு சிலிண்டரிலும் சரி. தெர்மோஸ்டாட் இருக்கும் கூட்டைத் திறந்து பார்த்தால் உள்ளே அது இல்லை. இன்ஜின் சூடாகாததால் உள்ளே படிந்த ஈரம் ஆவியாகாமல் ஆயிலோடு கலந்து பசையாகியிருந்தது. தெர்மோஸ்டாட் போட்டு, ஆயிலும் மாற்றினேன். ஹெட்டைத் தொடவே இல்லை.

சந்தேகம் இருப்பவர்கள் தெர்மோஸ்டாட்டை ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள், தெர்மாமீட்டரும் வையுங்கள். திறக்க வேண்டிய வெப்பத்தை அதிலேயே பொறித்திருப்பார்கள், 82 அல்லது 88 என்று. அந்தச் சூடு வந்ததும் உள்ளிருக்கும் மெழுகு விரிந்து தட்டு மெல்ல விலகும். ஒருமுறை பார்த்தால் கழற்றி எறிய மனம் வராது.

(இன்னொருவர்: முள் ஏறினால் ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றினால் போதாதா?)

தயவுசெய்து சூட்டில் திறக்காதீர்கள்! உள்ளே அழுத்தம் இருப்பதால் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கிறது. திறந்த நொடியில் கொதித்து முகத்தில் அடிக்கும். கையால் தொடும் அளவுக்கு ஆறட்டும்.

கே: எனக்கும் காலையில் வெள்ளைப் புகை.

முதல் பதிலைப் படியுங்கள்.

கே: புகை வெள்ளை இல்லை, நீலம்.

வண்டி ஆயில் குடிக்கிறது. நிறுத்தி வைத்து எடுத்ததும் ஒரே ஒரு வீச்சு நீலம் என்றால் வால்வ் சீல். வேகம் எடுக்கும்போதெல்லாம் என்றால் பிஸ்டன் ரிங், டர்போ வண்டியென்றால் டர்போவும். முதலில் பிசிவி வால்வை (இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் வால்வு) பார்க்கச் சொல்லுங்கள், சின்னப் பொருள்தான். ரிங்கா இல்லையா என்று கம்ப்ரஷன் எடுக்காமல் யாரும் சொல்ல முடியாது.

கே: வெள்ளத்தில் கார் நின்றுவிட்டது. ஸ்டார்ட் செய்து பார்க்கவா?

வேண்டாம். சிலிண்டரில் தண்ணீர் இருந்தால் பிஸ்டன் அதை அழுத்த முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு டோ செய்யுங்கள். பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகுதான் சுற்ற வேண்டும்.

கே: வெள்ளைப் புகை வருகிறது, என்ன செய்ய?

மூன்றாவது முறை. மேலே விரிவாக எழுதியிருக்கிறேன். கூலன்ட் டப்பாவில் கோடு போட்ட பிறகு வாருங்கள், பேசலாம்.

கே: சிவப்பு விளக்கு கேட்டவன்தான் அண்ணா. டிப்ஸ்டிக்கில் ஆயிலே இல்லை. 3 லிட்டர் ஊற்றினேன். ஒர்க்ஷாப் பக்கம்தான், மெதுவாக ஓட்டிப் போகவா?

வேண்டாம். சத்தம் வந்த பிறகு ஊற்றும் ஆயில் தேய்ந்த பேரிங்கைச் சரிசெய்யாது. இன்னும் கொஞ்சம் ஓடினால் ராடு பிளாக்கைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். டோ வண்டியைக் கூப்பிடுங்கள் தம்பி, ஃபில்டரில் என்ன தெரிந்தது என்று இங்கே எழுதுங்கள்.