50 கோடி சந்தாதாரர் இருந்தால் உங்கள் பையனுக்கு வேலை இருக்கிறது என்று அர்த்தமா?

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒரு அம்மா, மகனை என்ன படிக்க வைக்கலாம் என்று கேட்க அவனோடு என்னிடம் வந்திருந்தார். பையன் பிளஸ் டூவில் கணக்கு, இயற்பியல், வேதியியல் முடித்தவன். “ஜியோ கம்பெனிக்கு 50 கோடி கஸ்டமர், பல லட்சம் கோடி மதிப்பு. டெலிகாம்தான் எதிர்காலம், ஈ.சி.இ. சேர்த்துடு” என்று தாய்மாமன் சொல்லியிருக்கிறார். ஈ.சி.இ. என்றால் மின்னணு, தகவல் தொடர்புப் பொறியியல். தனியார் கல்லூரியில் மேனேஜ்மென்ட் சீட்டுக்குப் பேசியும் வைத்துவிட்டாராம். நகையை அடகு வைக்கலாமா என்று கேட்டார் அந்த அம்மா.

வைக்காதீர்கள்.

சந்தாதாரர் எண்ணிக்கை என்பது சிம் கார்டுகளின் எண்ணிக்கை. ஒருவரிடமே இரண்டு சிம் இருக்கும், ஒன்று தூங்கிக்கொண்டிருக்கும். அதனால்தான் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் மொத்தக் கணக்கோடு, உண்மையில் இயங்கும் இணைப்புகளையும் தனியாகச் சொல்கிறது. ஏர்செல்லை நினைத்துப் பாருங்கள். தோனியின் மஞ்சள் சட்டையில் இருந்த பெயர், 8 கோடிக்கு மேல் சந்தாதாரர்கள். 2018 தொடக்கத்தில் டவர்கள் அடங்கின, திவால் மனு போட்டார்கள். அதே ஆண்டு இணைந்த வோடஃபோனும் ஐடியாவும் 40 கோடியோடு முதலிடத்தில் நின்றன. இன்று அதில் ஏறக்குறைய பாதிதான்.

சந்தை மதிப்பும் அப்படியே. 2020 ஏப்ரலில் ஃபேஸ்புக் 43,574 கோடி ரூபாய் கொடுத்து ஜியோ பிளாட்ஃபார்ம்ஸில் 9.99 சதவீதம் வாங்கியபோது, அந்த நிறுவனத்தின் மதிப்பு 4.62 லட்சம் கோடி. அப்போதைய 38 கோடிச் சொச்சம் சந்தாதாரர்களுக்கு வகுத்தால் தலைக்குச் சுமார் 12,000 ரூபாய். நாளைக்கு லாபம் வரும் என்று முதலீட்டாளர் போட்ட விலை அது. எத்தனை பேரை வேலைக்கு எடுப்பார்கள் என்பது அதில் எங்கேயும் இல்லை. பி.எஸ்.என்.எல்.லில் 2020 ஜனவரி 31 அன்று ஒரே நாளில் 78,000-க்கும் அதிகமானோர் விருப்ப ஓய்வில் வெளியேறினார்கள். மாமா அந்தக் கணக்கையும் பார்க்கட்டும்.

பையனிடம் தனியாகப் பேசினேன். தெருவில் இன்டர்நெட்டுக்கான ஃபைபர் (கண்ணாடி இழை) கேபிள் இழுப்பவர் பின்னாலேயே சுற்றுகிறான். அறுந்த இழையை எப்படி ஒட்டுகிறார்கள் என்று கை ஜாடையோடு விளக்கினான். அவன் மனசு இருக்கும் இடம் அதுதான்.

அந்த வேலையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். கண்ணாடி இழையின் பருமன் 125 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்), ஏறக்குறைய தலைமுடி அளவு. ஒளி ஓடும் நடுப்பகுதி சுமார் 9 மைக்ரான்தான். மேலுறையை உரித்து, ஸ்பிரிட்டில் துடைத்து, முனையை நேராக வெட்டி, ஸ்ப்ளைஸிங் மெஷினில் மின்பொறியால் உருக்கி ஒட்ட வேண்டும். ஒட்டிய இடத்தில் ஒளி இழப்பு 0.1 டெசிபலைத் தாண்டினால் வெட்டி மறுபடி ஒட்டுவார்கள். ஓ.டி.டி.ஆர். என்ற கருவி, கேபிள் எத்தனையாவது மீட்டரில் அறுந்தது என்று காட்டிவிடும். மெட்ரோவுக்கும் கழிவுநீர்க் குழாய்க்கும் தோண்டிக்கொண்டே இருக்கும் ஊரில் இதற்கு ஆள் தேவை ஓயாது. கம்பெனியின் பெயர்ப்பலகை மாறினாலும் கேபிள் மண்ணுக்குள்தான் இருக்கிறது. சென்னையில் கடலடி கேபிள்கள் கரையேறுகின்றன. 2020 ஆகஸ்டில் தொடங்கிய அந்தமான் கேபிள் மட்டும் சுமார் 2,300 கிலோமீட்டர். அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் டேட்டா சென்டர்கள் இருக்கின்றன. கை தேர்ந்தவனுக்கு அங்கெல்லாம் இடம் உண்டு.

வழி இதுதான். அவன் படித்த பாடங்களுக்கு அரசு பாலிடெக்னிக்கில் ஈ.சி.இ. டிப்ளமோ நேரடி இரண்டாம் ஆண்டு கிடைக்கும். கட்டணம் மேனேஜ்மென்ட் சீட்டின் பக்கத்தில்கூட வராது. இரண்டே ஆண்டு. பிறகு தரமணியில் உள்ள தொழில் பழகுநர் பயிற்சி வாரியத்தில் பதிந்தால், உதவித்தொகையோடு ஓராண்டுப் பயிற்சிக்கு வழியுண்டு. பி.இ. ஆசை வந்தால் அப்போதும் நேரடி இரண்டாம் ஆண்டில் சேரலாம், அதற்குள் அவன் கையில் சம்பாத்தியமும் இருக்கும்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். இந்தத் துறையில் ஒப்பந்த வேலை அதிகம். பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டா, கம்பத்தில் ஏற பெல்ட்டும் ஹெல்மெட்டும் தருவார்களா என்று சேரும் முன்பே கேட்கச் சொல்லுங்கள். இல்லை என்றால் அந்த ஒப்பந்ததாரரிடம் போக வேண்டாம்.