தாளத்தை விடுங்கள், கணக்கைக் கேளுங்கள்

கேள்வி: எங்கள் பங்கில் உள்ள கன்னியாஸ்திரி ஒருவர் மாதா பாடல்களைக் கீபோர்ட், ட்ரம்ஸ் எல்லாம் வைத்து பைலா தாளத்தில் பாடி யூடியூபில் விட்டிருக்கிறார். பொடியள் கொண்டாடுகிறார்கள். மடத்தில் இருந்து செபிக்க வேண்டியவருக்கு இது தேவையா?
— வாசகர் ஒருவர், தாண்டவன்வெளி, மட்டக்களப்பு

பதில்: தேவைதான்.

மட்டக்களப்பில் இருந்துகொண்டு பைலாவைக் கோயிலுக்கு அந்நியம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? கலியாண வீட்டில் வயலினும் ரபானும் வைத்து, பைலாவுக்கு முன்னோடியான கப்ரிஞ்ஞா ஆடிய நம்மூர்ப் பறங்கியர், போர்த்துக்கேய வழிவந்தவர்கள், கத்தோலிக்கர்கள்தானே. பூசையில் பாடுவது வேறு. அங்கே சபை முழுவதும் சேர்ந்து பாட வேண்டும், பாட்டு அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும். சிஸ்டர் பாடியது பூசையில் அல்லவே.

1903இல் பாப்பரசர் பத்தாம் பயஸ் கோயிலில் பியானோவையும் மேளத்தையும் தடுத்தார். பாடகர் குழுவில் பெண்கள் சேரக்கூடாது என்றும் சொன்னார். 1963 டிசம்பர் 4இல் வந்த இரண்டாம் வத்திக்கான் சங்க ஏடோ, மறைபரப்பு நாடுகளின் இசை மரபை மதித்து வழிபாட்டில் இடம் கொடுக்கச் சொன்னது. அதே மாதம், பெல்ஜியத்து டொமினிக்கன் கன்னியாஸ்திரி ஜெனின் டெக்கர்ஸ் கிட்டாரோடு பாடிய பாட்டு அமெரிக்க இசைத்தட்டுப் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது.

உங்களுக்கு உறுத்துவது தாளம் இல்லை, பாடியவர் என்று நினைக்கிறேன். காரைதீவில் பிறந்து, நம் புனித மிக்கேல் கல்லூரியில் படித்த விபுலானந்த அடிகள் பழந்தமிழ் இசையை ஆராய்ந்து 'யாழ் நூல்' எழுதி 1947இல் வெளியிட்டார். துறவிக்கு இசை எதற்கு என்றா கேட்டோம்? தலையில் வைத்துக் கொண்டாடுகிறோம். நம் பங்குச் சுவாமிமார் இறுவட்டு வெளியிட்டால் முன்வரிசையில் போய் உட்காருகிறோம். கன்னியாஸ்திரி பாடினால் மட்டும் செபம் கெட்டுவிடுமா?

கவலைப்பட வேண்டிய இடம் வேறு. டெக்கர்ஸின் பாட்டில் வந்த பணம் இசைத்தட்டுக் கம்பனிக்கும் மடத்துக்கும் போனது. மடத்தை விட்டு வந்த பிறகு அந்த வருமானத்துக்கு வரி கட்டு என்று பெல்ஜிய அரசு அவரைத்தான் பிடித்தது. பணம் மடத்துக்குப் போனதைக் காட்ட அவர் கையில் ஒழுங்கான பற்றுச்சீட்டு இல்லை. கடனோடு வாழ்ந்து 1985இல் இறந்தார். உலகமே பாடிய பாட்டைத் தந்த பெண்ணுக்கு இந்தக் கதி. நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது. 1974இல் கர்த்தர் கற்பித்த செபத்தை ரொக் இசையில் பாடிப் புகழ்பெற்ற அவுஸ்திரேலியாவின் அடிலெயிட் கன்னியாஸ்திரி ஜனெட் மீட், வந்த பணத்தைத் தருமத்துக்குக் கொடுத்தார். அது அவரே எடுத்த முடிவு.

ஆகவே, அடுத்த மேய்ப்புப்பணிச் சபைக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்: பாடல்களின் உரிமை யார் பெயரில்? யூடியூப் பணம் எந்தக் கணக்குக்குப் போகிறது? இதெல்லாம் எழுத்தில் இருக்கிறதா, அதில் ஒரு பிரதி சிஸ்டர் கையில் இருக்கிறதா? இல்லையென்றால், எழுதிக் கொடுக்கும்வரை விடாதீர்கள்.