மதிப்பெண்ணும் மனப்பழக்கமும்

மதிப்பிற்குரிய ஐயா,

என் மகள் ஏழாம் வகுப்பில் படிக்கிறாள். கோபத்தைக் கையாளுதல், பிறர் நிலையை உணர்தல் போன்றவற்றுக்கென்று அவளுடைய பள்ளியில் வாரம் இரண்டு பாடவேளைகளை ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த நேரத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தால் மதிப்பெண்ணாவது கூடுமே என்கிறார் என் கணவர். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

ம., திருச்சி

அன்புள்ள ம. அவர்களுக்கு,

உங்கள் கணவரின் கவலை நியாயமானதே. ஆனால் கணக்குக்கு உரிய நேரத்தை இந்தப் பயிற்சி பறித்துக்கொள்கிறது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கணக்கு வராத ஒரு பிள்ளையை அருகிலிருந்து பாருங்கள். பின்னக் கணக்கின் மூன்றாவது வரியில் தடுமாறியதும், கையை உயர்த்திக் கேட்காமல், நோட்டை முழங்கையால் மறைத்துக்கொண்டு, பக்கத்துப் பிள்ளையின் விடையை மட்டும் பார்த்து எழுதிக்கொள்ளும். தெரியவில்லை என்றால் வகுப்பே சிரிக்கும் என்ற அச்சம் அதன் வாயை அடைத்துவிடுகிறது. தேர்வறையிலும் அதே அச்சம்தான் கவனத்தைத் தின்றுவிடுவதால், வீட்டில் பிழையின்றிப் போட்ட கணக்குகூட அங்கே தவறிப்போகிறது.

அந்த அச்சத்தைக் கையாளக் கற்றுத்தரும் இத்தகைய பயிற்சி படிப்புக்கும் உதவுகிறது என்பதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. உளவியலாளர் ஜோசப் டர்லாக்கும் சக ஆய்வாளர்களும் 2011இல் வெளியிட்ட தொகுப்பாய்வு (பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்க்கும் ஆய்வு), பள்ளிகளில் நடந்த இத்தகைய 213 பயிற்சித் திட்டங்களையும் அவற்றில் இடம்பெற்ற சுமார் 2,70,000 மாணவர்களையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. அவற்றுள் கல்வி அடைவையும் அளந்த திட்டங்களில், பயிற்சி பெற்றவர்கள் சராசரியாக 11 சதமானப் புள்ளிகள் முன்னேறியிருந்தார்கள். இதை 11 மதிப்பெண் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நூறு பேரில் ஐம்பதாவதாக நிற்கும் மாணவர் ஏறக்குறைய முப்பத்தொன்பதாம் இடத்துக்கு வருவதற்கு ஒப்பானது அது. எவரும் அலட்சியப்படுத்தக்கூடிய முன்னேற்றமல்ல.

அதே ஆய்வில் பெற்றோர் கவனிக்க வேண்டிய இன்னொரு செய்தி உண்டு. பள்ளியின் சொந்த ஆசிரியர்களும் பணியாளர்களும் பயிற்சியை நடத்தியபோதுதான் படிப்பிலும் குறிப்பிடத்தக்க உயர்வு தெரிந்தது. வெளியாட்கள் வந்து நடத்திய இடங்களில் அது தெரியவில்லை. காரணம் எளிதென்றே நினைக்கிறேன். வெளியாள் தன் பாடவேளை முடிந்ததும் போய்விடுவார். வகுப்பாசிரியரோ தவறான விடை வரும் ஒவ்வொரு கணத்திலும் அங்கே இருப்பவர், அந்தக் கணத்தில் அவர் முகம் சுளிப்பதும் பொறுமையாகக் கேட்பதும்தான் பிள்ளைக்கு உண்மையான பாடம். எனவே, அந்த இரண்டு பாடவேளைகளை யார் நடத்துகிறார்கள், கணக்காசிரியருக்கும் அந்தப் பயிற்சி உண்டா என்று பெற்றோர் கூட்டத்தில் கேளுங்கள்.

கணக்கே ஒழுங்காக நடக்காத வகுப்பை எந்த மனப்பயிற்சியும் ஈடுகட்டாது என்பதையும் உங்கள் கணவருக்காகச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பாடவேளைக்கும் மதிப்பெண் போடப் பள்ளி முற்பட்டால் மட்டும் தயங்காமல் மறுப்புச் சொல்லுங்கள். பிள்ளைகள் மதிப்பெண்ணுக்காகப் பொறுமையை நடிக்கத் தொடங்கிவிடுவார்கள்.