கோல்ஃப் கேள்வி-பதில்: உடம்பு எந்த இடத்தில் நின்றுபோகிறது?

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலும் ஒரே புலம்பல்தான்: "உடம்பைத் திருப்பு, உடம்பைத் திருப்பு என்கிறார்கள். திருப்பினால் இன்னும் மோசமாகப் போகிறது." ஆகவே இந்த இதழில் அதற்கு மட்டும் பதில். வலது கைக்காரர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். இடது கைக்காரர் ஒருவரும் கேட்டிருக்கிறார், அவருக்குக் கடைசியில்.

கேள்வி: சார், தோளை நன்றாகத் திருப்பித்தான் பேக்ஸ்விங் (பின்னால் ஓங்குவது) எடுக்கிறேன். முதுகு டார்கெட்டை, அதாவது பந்து போக வேண்டிய இடத்தை, பார்க்கிறது. ஆனாலும் டிரைவரால் (தூரம் அடிக்கிற நீளமான மட்டை) அடித்தால் பந்து வலது பக்கம் வளைகிறது, தூரமும் இல்லை. இன்னும் அதிகமாகத் திருப்ப வேண்டுமா? வீடியோ அனுப்பியிருக்கிறேன்.

வேண்டாம் சார், இருக்கிற திருப்பமே தாராளம். கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது.

வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். பந்துக்கு முன்னால் நிற்கும்போது, பேண்ட்டில் பெல்ட் கோக்கிற வலது பக்க வளையம் உங்கள் வலது ஷூவுக்கு உள்பக்கமாக இருக்கிறது. சரி. கிளப் (கோல்ஃப் மட்டை) உச்சிக்குப் போகும்போது அதே வளையம் ஷூவைத் தாண்டி வெளியே போய்விடுகிறது. முழங்காலும் கூடவே சாய்கிறது. எடை முழுக்கப் பாதத்தின் வெளி விளிம்பில் ஏறி, கட்டைவிரல் பக்கம் தரையை விட்டு எழும்பியே விட்டது. இடுப்பு திரும்பவில்லை, நகர்ந்திருக்கிறது. ஸ்வே என்பது இதுதான். மேலே தோள் மட்டும் பிரமாதமாகத் திரும்புவதால் உங்களுக்குச் சந்தேகமே வரவில்லை.

கீலில் தொங்கும் கதவை எவ்வளவு வேகமாகச் சாத்தினாலும் நிலையில் சரியாகப் போய் உட்காரும். கீலே இடம் மாறிக்கொண்டிருந்தால் எங்கே போய் இடிக்கும் என்று யாருக்கும் தெரியாது. உச்சியிலிருந்து பந்துக்கு வந்து சேர ஏறக்குறைய கால் நொடிதான் இருக்கிறது. அதற்குள் உங்கள் இடுப்பு முதலில் பழைய இடத்துக்கு வர வேண்டும், அப்புறம் திரும்பவும் வேண்டும். நேரம் பத்தாது. வலது தோள் பொறுக்காமல் முந்திக்கொண்டு பாய்கிறது. கிளப் வெளியிலிருந்து உள்ளே வெட்டிக்கொண்டு வருகிறது, கிளப்பின் முகமும் வலது பக்கம் திறந்திருக்கிறது, பந்து ஸ்லைஸ் ஆகிறது, அதாவது வலது பக்கம் வளைகிறது. இந்த நிலையில் தோளை இன்னும் திருப்பினால், அது பாய்கிற தூரம் கூடும், அவ்வளவுதான்.

கிளப்பை ஓரமாக வையுங்கள். சுவருக்கு முதுகைக் காட்டி நின்று, பின்பாக்கெட் இரண்டும் சுவரை லேசாகத் தொடுகிற மாதிரி இடுப்பு மூட்டிலிருந்து குனியுங்கள். வயிற்றை மடக்கிக் குனிய வேண்டாம். கைகளை மார்பில் குறுக்கே கட்டிக்கொள்ளுங்கள். பேக்ஸ்விங் மாதிரித் திரும்பும்போது வலது பாக்கெட் சுவரில் இன்னும் அழுந்த வேண்டும், இடது பாக்கெட் சுவரை விட்டு விலக வேண்டும். சுவரோரமாக வழுக்கிக்கொண்டு வலது பக்கம் போகக் கூடாது. வலது முழங்கால் கொஞ்சம் நிமிர்ந்தால் பரவாயில்லை, வெளியே சாயக் கூடாது. இடது தோள் தாடைக்குக் கீழே இறங்க வேண்டும். குனிந்த முதுகைச் சுற்றித் திரும்பினால் தோள் சாய்வாகத்தான் போகும். தரைக்கு இணையாகப் போனால் நடுவில் எங்கோ நிமிர்ந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். திரும்பி வரும்போது இடது பாக்கெட் சுவரில் போய் அழுந்தட்டும்.

இது உடம்புக்குப் பழகிய பிறகு 8 அயனை (டிரைவரைவிடக் குட்டையான, இரும்புத் தலை வைத்த கிளப்) எடுங்கள். கால்களைச் சேர்த்து வைத்து நின்று, பந்தை இடது காலுக்கு நேராக வைத்து, மெதுவாகக் கிளப்பைப் பின்னால் கொண்டு போங்கள். அது உச்சிக்குப் போய்ச் சேரும் முன்பே இடது காலை டார்கெட் பக்கம் எடுத்து வைத்து ஊன்றி, அப்புறம் அடியுங்கள். முதல் சில பந்துகள் கன்னாபின்னாவென்று போகும். கிளப் இன்னும் பின்னால் போய்க்கொண்டிருக்கும்போதே எடை முன்னால் வரத் தொடங்குகிறதே, நல்ல ஸ்விங்குக்கும் உங்கள் ஸ்விங்குக்கும் உள்ள வித்தியாசம் அதில்தான் இருக்கிறது. இடுப்பு முதலில் வேகம் பிடிக்கிறது. அது வேகம் குறையும்போது மார்பு வாங்கிக்கொள்கிறது, அதனிடமிருந்து கை, கையிடமிருந்து கிளப். இந்த வரிசையில் தோள் முந்தினால் இடுப்பின் வேகம் யாருக்கும் போய்ச் சேராது.

கேள்வி: தோள் 90 டிகிரி, இடுப்பு 45 டிகிரி என்று படித்தேன். இடுப்பைக் கட்டுப்படுத்தித் தோளை மட்டும் திருப்பினால் எக்ஸ்-ஃபேக்டர் கூடும், தூரமும் கூடும் என்கிறார்களே?

1992-இல் ஜிம் மெக்லீன் என்ற அமெரிக்கப் பயிற்சியாளர் பிரபலமாக்கிய பெயர் அது. தோள் திரும்பும் அளவுக்கும் இடுப்பு திரும்பும் அளவுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்கிறது. அந்த வித்தியாசம் கூடினால் வேகம் கூடலாம் என்பதில் உண்மை உண்டு. ஆனால் அதை இடுப்பைப் பூட்டிவைத்துச் சம்பாதிக்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டவர்கள் பல பேர் முதுகைக் கெடுத்துக்கொண்டார்கள். பூட்டிய இடுப்போடு சாதாரண ஆட்டக்காரரால் தோளை 90 வரை கொண்டு போக முடியாது. கை மட்டும் மேலே தூக்கிக்கொண்டு போகும், பார்ப்பதற்குத் திரும்பிய மாதிரி இருக்கும்.

ஜாக் நிக்லஸ் 18 மேஜர் பட்டங்களை, அதாவது கோல்ஃபின் மிகப் பெரிய போட்டிகளின் பட்டங்களை, வென்றவர். பேக்ஸ்விங்கில் அவருடைய இடது குதிகால் தரையை விட்டு எழும்பும், இடுப்பு தாராளமாகத் திரும்பும். அவருக்கு முன்னால் இன்னொரு பெரிய ஆட்டக்காரரான பாபி ஜோன்ஸும் அப்படித்தான். குதிகால் எழும்பினால் தப்பு என்று சொல்பவரிடம் இந்த இரண்டு பேரையும் சொல்லிவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். டிகிரியை அளக்கிற வேலை எனக்கு, உங்களுக்கு வேண்டாம்.

கேள்வி: பயிற்சி ரேஞ்சில் ஒழுங்காகப் போகிற பந்து, கோர்ஸில் (ஆட்ட மைதானத்தில்) ஒன்று டாப் ஆகிறது, அதாவது கிளப் பந்தின் தலையில் பட்டு அது உருண்டு போகிறது; அடுத்ததில் கிளப் தரையில் குத்துகிறது. கூட ஆடுபவர்கள் எல்லாரும் "தலையைத் தூக்கிட்டே" என்கிறார்கள். தலையை அழுத்திப் பிடித்துக்கொண்டே ஆடிப் பார்த்தேன், இன்னும் மோசம்.

மோசமாகத்தான் போகும். கோல்ஃபில் இலவசமாகக் கிடைக்கிற அறிவுரைகளில் என்னை மிகவும் எரிச்சல்படுத்துவது இந்தத் தலை விஷயம்தான்.

1999-இல் டேவிட் டுவால் பிஜிஏ டூரில் (அமெரிக்காவின் தொழில்முறை ஆண்கள் போட்டித் தொடர்) ஒரு ரவுண்டை 59 அடிகளில் முடித்தார். 2001-இல் ஆனிகா சோரன்ஸ்டாம் 59 அடித்தார், பெண்களுக்கான எல்பிஜிஏ டூரில் அந்த எண்ணைத் தொட்ட முதல் பெண். இந்த இரண்டு பேர் ஸ்விங்கையும் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். கிளப் பந்தைத் தொடும் நேரத்தில் இருவர் முகமும் ஏற்கெனவே டார்கெட் பக்கம் திரும்பிக்கொண்டிருக்கும். தலை மேலே எழும்பவில்லை, உடம்போடு சேர்ந்து சுழல்கிறது. நீங்கள் தலையை இறுக்கிப் பிடித்தால் கழுத்து இறுகும், கழுத்து இறுகினால் மார்பு பந்துக்கு நேராக வந்ததும் நின்றுவிடும். உடம்பு நின்றால் கிளப் நிற்குமா? கை தனியாகச் சுண்டிக்கொண்டு அதைக் கடத்திவிடும். அந்தச் சுண்டல் ஒரு இமை முன்னே வந்தால் தரையில் குத்தும், கொஞ்சம் பின்னே வந்தால் டாப். கிளப்பும் பந்தும் ஒட்டியிருப்பது ஒரு நொடியில் ஏறக்குறைய இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரம். அதற்குள் மணிக்கட்டை வைத்து நேரம் பார்க்க முடியும் என்று நம்புகிறவர்கள் நம்பட்டும்.

உங்கள் தலை தூக்குகிறது என்று நண்பர்கள் சொல்வதும் பொய்யில்லை. ஆனால் தலை தானாகத் தூக்குவதில்லை. டவுன்ஸ்விங்கில் (கிளப் கீழே இறங்கி வரும்போது) இடுப்பு பின்னால் சுழல்வதற்குப் பதிலாகப் பந்தை நோக்கி முன்னால் வந்தால் கைக்கு இடம் இருக்காது, அதனால் உடம்பு நிமிர்கிறது, தலையும் போகிறது. மேலே சொன்ன சுவர்ப் பயிற்சியில் இரண்டாவது பாதியைச் செய்து பாருங்கள். உங்கள் பின்பக்கம் சுவரை விட்டு வந்துவிடும் என்று இங்கிருந்தே சொல்கிறேன். அதைச் சரிசெய்தால் தலையைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை.

கோர்ஸில் ஒரே ஒரு விஷயத்தைப் பாருங்கள்: அடித்து முடித்த பிறகு பெல்ட் பக்கிள் டார்கெட்டைப் பார்க்கிறதா, வலது ஷூவின் நுனி மட்டும் தரையில் இருக்கிறதா? வலது குதிகால் தரையிலேயே ஒட்டிக்கொண்டு இருந்தால், பந்து நன்றாகவே போயிருந்தாலும் சரி, உடம்பு நடுவில் நின்றுவிட்டது.

கேள்வி: எனக்கு 63 வயது. திரும்பினால் கீழ் முதுகு பிடித்துக்கொள்கிறது. மற்றபடி நன்றாகத்தான் ஆடுவேன். திரும்பாமல் ஆட வழி உண்டா?

திரும்பாமல் ஆட வழியில்லை அம்மா. ஆனால் கீழ் முதுகால் திரும்பாமல் ஆட நிறைய வழி உண்டு.

கீழ் முதுகெலும்பு குனிய நிமிர ஏற்றது, சுழல்வதற்கு அல்ல. அந்தப் பகுதி முழுவதும் சேர்ந்தே சில டிகிரிகள்தான் சுழலும். சுழல வேண்டியவை அதற்கு மேலே மார்புப் பகுதி முதுகெலும்பும், அதற்குக் கீழே இடுப்பு மூட்டுகளும். அவை இரண்டும் இறுகிப்போனால் நடுவில் இருப்பது அந்த வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்யும், அதனால்தான் வலிக்கிறது. காலுக்குள் இறங்குகிற வலியோ மரத்துப்போவதோ இருந்தால் டாக்டரைப் பாருங்கள், அதுவரை கிளப்பைத் தொட வேண்டாம்.

வெறும் பிடிப்புதான் என்றால், முதலில் இதைச் செய்து பாருங்கள். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, முழங்கால்களைச் சேர்த்து வைத்து, தோளின் குறுக்கே ஒரு கிளப்பைப் பிடித்துக்கொண்டு இரண்டு பக்கமும் மெதுவாகத் திரும்புங்கள். நேர் முன்பக்கத்துக்கும் நேர் பக்கவாட்டுக்கும் பாதி தூரம், அதாவது 45 டிகிரி வந்தால் உங்கள் மார்புப் பகுதி நன்றாக இருக்கிறது. வரவில்லையென்றால் இதையே தினமும் பயிற்சியாகச் செய்யுங்கள், வலிக்கிற அளவுக்குப் போகாமல்.

அப்புறம் நிற்கிற விதம். கால்களின் இடைவெளியைக் கொஞ்சம் குறையுங்கள். இரண்டு பாதங்களின் நுனியையும் வெளிப்பக்கம் திருப்பி வையுங்கள், இடது பாதத்தை 30 டிகிரி வரை கூடத் திருப்பலாம். வலது பாதம் திரும்பியிருந்தால் பேக்ஸ்விங் சுலபம், இடது பாதம் திரும்பியிருந்தால் அடித்த பிறகு இடுப்பு முட்டாமல் சுழலும். நிக்லஸ் மாதிரி இடது குதிகாலை எழும்ப விடுங்கள். முடிக்கும்போது முதுகைப் பின்னால் வில்லாக வளைக்காமல் நேராக நிமிர்ந்து நில்லுங்கள். பேக்ஸ்விங் முக்கால்வாசிதான் வருகிறதா, வரட்டும். முதுகுக் கோளாறு வந்தால் ஆட்டமே முடிந்தது என்றில்லை: டைகர் வுட்ஸ் 2017-இல் கீழ் முதுகில் எலும்புகளை இணைக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, 2019-இல் மாஸ்டர்ஸ் பட்டத்தை ஜெயித்தார்.

கேள்வி: ஜிம்முக்குப் போய்க் கையில் நல்ல பலம் ஏற்றியிருக்கிறேன். ஆனாலும் என்னைவிட ஒல்லியாக இருப்பவர்கள் தாண்டி அடிக்கிறார்கள். ஏன்?

எல்பிஜிஏ பெண்களின் சராசரி டிரைவர் வேகம் மணிக்கு ஏறக்குறைய 94 மைல். பந்து காற்றில் மட்டும் 220 கஜம் அளவுக்குப் போகிறது. வார இறுதியில் பொழுதுபோக்காக ஆடுகிற ஆண்களில் பலருக்கும் வேகம் அதே அளவுதான், பந்து அவ்வளவு போவதில்லை. அந்தப் பெண்கள் கிளப் முகத்தின் நடுவில் அடிக்கிறார்கள். உடம்பு ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி சுழல்வதால்தான் நடுவில் படுகிறது. ஜிம்மை விட வேண்டாம் தம்பி. தொடைக்கும் பிட்டத்துக்கும் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள், கைக்குப் போதும்.

கேள்வி: நான் இடது கைக்காரன். உங்கள் பதில்களைப் படித்தாலே தலை சுற்றுகிறது.

மேலே வலது என்று இருக்கிற இடத்திலெல்லாம் இடது என்றும், இடது என்று இருக்கிற இடத்தில் வலது என்றும் மாற்றிக்கொள்ளுங்கள். சுவர் மட்டும் அதே சுவர்தான்.