அந்த ரயில் ஏன் பிந்தியது?

வணக்கம் ஐயா,

1935-இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடா கீஸ் தீவுகளில் முன்னாள் படைவீரர்கள் புயலில் மாண்டதைப் பற்றிய உங்கள் கட்டுரையில் அரசைக் கடுமையாகச் சாடியிருந்தீர்கள். அவ்வளவு பெரிய புயலை எந்த அரசு தடுத்திருக்க முடியும்? வேலையற்றவர்களுக்கு வேலை கொடுத்தது குற்றமா?

க.ம., திருச்சி

அன்புள்ள க.ம.,

வேலை கொடுத்ததை நான் குறை சொல்லவில்லை. அவர்களைக் குடிவைத்த இடத்தைச் சொல்கிறேன்.

முதல் உலகப் போரில் சண்டையிட்டவர்கள் அவர்கள். 1945-இல் தருவதாகச் சொல்லியிருந்த போனஸை, பட்டினி தாங்காமல், முன்கூட்டியே கேட்டு 1932-இல் ஆயிரக்கணக்கான வீரர்கள் வாஷிங்டனில் முகாமிட்டார்கள். ராணுவத் தலைமைத் தளபதி மக்ஆர்தர் தலைமையில் ராணுவம் வந்து விரட்டியது. அப்படி அலைந்தவர்களில் பலர் பிறகு நெடுஞ்சாலைப் பாலம் கட்டும் வேலைக்காக இந்தத் தீவுகளுக்கு வந்து சேர்ந்தார்கள். விண்ட்லி, லோயர் மெட்டகம்பி தீவுகளில் மூன்று முகாம்கள். கடலைவிடச் சில அடியே உயர்ந்த மண்ணில், புயல் மாதங்களில், கூடாரங்களும் பலகைக் கொட்டகைகளும்தான் அவர்களுக்கு வீடு.

வெளியேற ரயில்தான் ஒரே நம்பிக்கை. செப்டம்பர் 2, தொழிலாளர் தினம். புயல் நெருங்கும் செய்தி முந்தைய நாளே வந்துகொண்டிருந்தது. ஆனால் முகாம் அதிகாரிகள் ரயிலைக் கேட்டது செப்டம்பர் 2 பிற்பகலில்தான். விடுமுறை நாள் என்பதால் ஆட்களைத் திரட்டி, மாலை நாலரை மணியளவில்தான் மயாமியிலிருந்து கிளம்பியது. நகரத்துத் தூக்குப்பாலம் படகுகளுக்காகத் திறந்திருந்ததால் காத்திருந்தது. ஹோம்ஸ்டெட்டில் எஞ்சினைத் திருப்பி மாட்டினார்கள். வழியில் ஒரு கம்பிவடம் எஞ்சினில் சிக்கி ஒரு மணி நேரத்துக்கு மேல் போயிற்று. முகாம்களுக்கு அருகிலிருந்த இஸ்லமொராடா ஊரை அடைந்தபோது இரவு எட்டு மணி தாண்டிவிட்டது. சற்று நேரத்தில் கடல் எழுந்து பெட்டிகளைத் தண்டவாளத்திலிருந்து புரட்டித் தள்ளியது. எஞ்சின் மட்டும் நின்றது.

காற்றழுத்தம் 892 மில்லிபார் வரை இறங்கிய புயல் அது. அதை யாரும் தடுத்திருக்க முடியாது என்பதில் உங்களோடு உடன்படுகிறேன். ஆனால் அன்று காலையிலேயே ரயில் வந்திருந்தால் முகாம்கள் காலியாக இருந்திருக்கும். மாண்ட நானூற்றுச் சொச்சம் பேரில் ஏறத்தாழ 250 பேர் இந்த வீரர்கள். சில நாட்களிலேயே அரசு அதிகாரிகள் இதைத் தெய்வச்செயல் என்று அறிவித்துவிட்டார்கள். என் கோபம் அந்தச் சொல்லின் மீதுதான்.

பல உடல்களை அங்கேயே எரித்தார்கள். 1937-இல் எழுப்பிய நினைவிடத்தில் அந்தச் சாம்பல் இருக்கிறது. அவர்கள் கேட்ட போனஸை உடனே தருவதற்கான சட்டம் 1936 ஜனவரியில் நிறைவேறியது.