பழைய காரைக் கொடுத்து மாற்றும்போது

கேள்வி: என்னிடம் 2015ஆம் ஆண்டு அல்ரோ 800 இருக்கிறது. அதைக் கொடுத்து வேகன்ஆர் எடுக்கப் பார்க்கிறேன். மட்டக்களப்பில் ஒரு கார் சேலில் என் காருக்கு 32 இலட்சம் தருகிறார்கள், வேகன்ஆர் 68 இலட்சம். கல்முனையில் என் காருக்கு 29தான், ஆனால் அதே ஆண்டு வேகன்ஆர் 63. கூடத் தரும் இடத்தில் கொடுப்பதுதானே சரி?
- வாசகி, கல்லடி

பதில்: இல்லை. மட்டக்களப்பில் நீங்கள் மேலே போட வேண்டியது 36 இலட்சம், கல்முனையில் 34. பழைய காருக்கு 3 இலட்சம் கூட்டித் தந்தவர்கள் வேகன்ஆரில் 5 இலட்சமாக எடுத்துவிடுகிறார்கள். இரண்டு வேகன்ஆரும் ஒரே நிலையில் இருந்தால் கல்முனைதான் இலாபம்.

மாற்றப்போவதை முதலில் சொல்லவேண்டாம். "காசுக்கு எடுத்தால் என் காருக்கு என்ன தருவீர்கள்?" என்று கேட்டு ஒரு விலை வாங்குங்கள். வேகன்ஆருக்கு முழுக்காசு விலையைத் தனியாகக் கேளுங்கள். இரண்டையும் எழுத்தில் வாங்கிய பிறகே மாற்றும் பேச்சு. மூன்று இடத்திலாவது கேட்டால் உங்கள் காரின் உண்மையான விலை தெரிந்துவிடும்.

இக்மன் விளம்பர இணையத்தளத்தில் போட்டிருப்பது கேட்கும் விலை. வாரக்கணக்கில் விற்காமல் கிடக்கும் விளம்பரத்தைக் காட்டிப் பேரம் பேச முடியாது. 2020 மார்ச்சிலிருந்து இறக்குமதி நின்றிருந்த காலத்து விலையும் இப்போது எடுபடாது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் வழி திறந்துவிட்டது.

விலையைக் குறைக்க அவர்கள் முதலில் பார்ப்பது காரின் அடிப்பக்கத்தை. கல்லடிக் கடற்காற்றில் கதவின் கீழ் மடிப்பும் சைலன்சரும் சீக்கிரம் துருப்பிடிக்கும். அடுத்தது வெள்ளம். சீற் பெல்ற்றைக் கடைசிவரை இழுத்துச் சேற்றுக் கோடு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கார்ப்பெற்றைத் தூக்கி சீற் பூட்டியிருக்கும் போல்ற்றுகளில் துரு தேடுவார்கள். 2024 நவம்பர் வெள்ளத்தில் உங்கள் கார் நனையவில்லை என்றால் இவற்றை நீங்களே திறந்து காட்டிவிடுங்கள். சந்தேகத்துக்காக வெட்டும் காசு மிஞ்சும். ரயரின் பக்கத்தில் டி.ஓ.ரி. (DOT) என்று தொடங்கும் எழுத்துகளின் வரிசை முடிவில், செய்த திகதியைக் காட்டும் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். அவ்வளவு பழைய ரயருக்கு, பூ தேயாமல் இருந்தாலும் விலை வெட்டுவார்கள். அதற்காகப் புது ரயர் போடாதீர்கள், போட்ட காசு திரும்பி வராது.

பெயின்ற் அடிக்கவே கூடாது. பெயின்ற் தடிப்பை அளக்கும் கருவி அவர்களிடம் இருக்கும், புதுப் பெயின்ற்றைக் கண்டால் விபத்தை மறைத்ததாகத்தான் நினைப்பார்கள். உள்ளே வெளியே கழுவி, எரியாத பல்ப்பை மாற்றி, சேர்விஸ் பில்லுகளையும் இரண்டு திறப்புகளையும் எடுத்துப் போங்கள். இரண்டாவது திறப்பு இல்லையென்றால் அதற்கும் ஒரு தொகை கழிப்பார்கள்.

கேள்வி: காரை எடுக்கும் விற்பனை நிலையம் வெற்றுப் படிவங்களில் கையெழுத்துக் கேட்கிறது. போடலாமா?
- வாசகர், அக்கரைப்பற்று

பதில்: போடாதீர்கள். தங்கள் பெயருக்கு மாற்றினால் செலவும் கூடும், பதிவுப் புத்தகத்தில் உரிமையாளர் எண்ணிக்கையும் கூடும் என்பதால், அடுத்த ஆள் வாங்கும்வரை பத்திரங்களில் பெயர் நிரப்பாமல் திறந்தே வைத்திருப்பார்கள். அதுவரை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களப் பதிவில் உரிமையாளர் நீங்கள்தான். அந்தக் கார் யாரையாவது மோதினால் பொலிஸ் தேடி வருவது உங்கள் வீட்டுக்கு.

உரிமை மாற்றத்துக்கான எம்.ரி.ஏ. 6, எம்.ரி.ஏ. 8 படிவங்களில் வாங்குபவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், திகதி நிரப்பிய பிறகு கையெழுத்திட்டுப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். கட்டாயம் திறந்தே வைப்போம் என்று நின்றால், அவர்களது கடிதத் தலைப்பில் கையளித்த திகதி, நேரம், செசி இலக்கம், மீட்டர் அளவு, எந்த நாளுக்குள் பெயர் மாற்றுவார்கள் என்பதெல்லாம் எழுதி முத்திரையோடு வாங்குங்கள். அதற்கும் மறுத்தால் வேறு இடம் பாருங்கள்.

காப்புறுதியைக் கார் கைமாறிய பிறகே நிறுத்துங்கள். இழப்பீடு கோராத ஆண்டுகளுக்கான கழிவு உங்களுக்குரியது. காப்புறுதி நிறுவனத்திடம் அதற்கான கடிதம் வாங்கிப் புதிய காரின் காப்புறுதியில் சேர்க்கச் சொல்லுங்கள்.